கிளட்சை நான் பார்த்துக்கொள்கிறேன்

ஹாம்பர்க்
3 அக்டோபர் 1982

பெவ்,

நீ கராஜில் என் காரைப் பிரித்துக்கொண்டிருப்பதாக அம்மா எழுதியிருந்தாள். அதை விட்டுவிடு. ஏழு வருஷமாக நகராத வண்டி அது. தரைத்தகடு முழுக்கத் துரு. கை வைத்தால் உதிரும். பழைய இரும்பு எடுக்கிற ஹாலிஸுக்கு எழுதிவிட்டேன். பன்னிரண்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, டிரக்கோடு வருவார். கராஜ் கதவைத் திறந்து வைத்தால் போதும்.

உனக்குக் கார் ஓட்ட ஆசையென்றால், தானே கியர் மாற்றிக்கொள்கிற சின்ன கார்கள் இருக்கின்றன. உன் மாதிரி ஆட்களுக்கு அரசாங்கமே ஏற்பாடு செய்து தருகிறது. அப்பாவிடம் சொல்லி விண்ணப்பம் வாங்கிக்கொள்.

இங்கே கப்பல் கட்டும் இடத்தில் வெல்டிங் வேலை. குளிர் ஆரம்பித்துவிட்டது. வேறு விசேஷம் இல்லை.

ட்ரெவர்


கோவென்ட்ரி
13 அக்டோபர் 1982

ட்ரெவ்,

பதினான்கு மாதம்! உன் பைக்கின் பின்னால் உட்கார்ந்து போய், விபத்தில் இடது காலை முழங்காலுக்கு மேலே இழந்து ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அங்கிருந்து உனக்கு மூன்று கடிதம் எழுதினேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. தங்கையின் காலுக்கு வராத கடிதம், துருப்பிடித்த காருக்கு வந்துவிட்டது.

ஹாலிஸ் நேற்று வந்தார். கதவைத் திறந்துதான் வைத்திருந்தேன். காருக்குள் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்தேன்.

"இறங்கும்மா, சங்கிலி மாட்டணும்" என்றார்.

"மாட்டிக்கோங்க. நான் இறங்க மாட்டேன்."

"உங்க அண்ணன் எழுதியிருக்காரும்மா. அவர் வண்டிதானே?"

"அவர் விட்டுட்டுப் போனதுல ரெண்டு இருக்கு. ஒண்ணு இந்தக் கார். இன்னொண்ணு இது" என்று சொல்லிப் பொய்க்காலின் வாரைக் கழற்றி, காலைச் சன்னல் வழியாக அவரிடம் நீட்டினேன். "இதையும் சேர்த்து எடை போடுங்க."

பாவம் மனிதர். தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். "இல்லம்மா, நான் வரலம்மா, வந்ததாவே வெச்சுக்காதே" என்று டிரக்கைப் பின்னாலேயே எடுத்துக்கொண்டு போய்விட்டார். தெருவே பார்த்தது. அம்மா நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை. எனக்கு அது ஓய்வாக இருக்கிறது.

என் மாதிரி ஆட்கள் என்று எழுதியிருக்கிறாய். யார் அவர்கள்? எனக்குப் பதினேழு வயது. இந்தத் தெருவில் என் மாதிரி நான் ஒருத்திதான்.

தரைத்தகட்டை ஏற்கெனவே வெட்டி எடுத்துவிட்டேன். இப்போது காருக்குள் உட்கார்ந்தால் கராஜின் சிமென்ட் தெரிகிறது. இனிமேல் அது உன் கார் இல்லை. உன் காருக்குத் தரை இருந்தது.

பெவர்லி


ஹாம்பர்க்
24 அக்டோபர் 1982

பெவ்,

ஹாலிஸ் எனக்கும் எழுதினார். உனக்கு வெட்கமே கிடையாதா?

சரி. பிடிவாதம் பிடித்தால் நீ விட மாட்டாய் என்று தெரியும். செய். ஆனால் ஒழுங்காகச் செய். அந்தக் கார் அறுபத்திரண்டில் நம் ஊர் ஃபேக்டரியிலேயே செய்தது. அப்பா கதவு மாட்டிய வரிசையில் வந்தது. எப்படி வெளியே வந்ததோ அப்படியே இருக்க வேண்டும். அதே சிவப்பு, அதே கம்பிச் சக்கரங்கள், அதே டயல்கள். ஒன்றையும் வெட்டாதே, ஓட்டை போடாதே. முடித்த பிறகு விற்றுவிடலாம். இரண்டு இருக்கைப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் என்றால் உயிரை விடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஏனென்றால் நீ அதை ஓட்ட முடியாது. கிளட்ச் இடது காலுக்கு. இதை நான் எழுத வேண்டியிருப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த விஷயத்தைப் பற்றி இனி எழுதாதே.

ட்ரெவர்


கோவென்ட்ரி
21 நவம்பர் 1982

ட்ரெவ்,

பதில் தாமதம். டெக்னிக்கல் காலேஜில் சாயங்கால வெல்டிங் வகுப்பில் சேர்ந்துவிட்டேன். முதல் நாள் பார்ஜெட்டர் என்ற மாஸ்டர் என்னைப் பார்த்ததும், "டைப்பிங் கிளாஸ் மாடியிலம்மா" என்றார். "தெரியும் சார். படி ஏற முடியாதுல்ல, அதான் கீழ வந்தேன்" என்றேன். பையன்கள் எல்லாரும் சிரித்தார்கள், அவர் சிரிக்கவில்லை. முதல் வாரம் முழுக்க எனக்கு வெல்டிங் முகமூடியே தரவில்லை. நான் சொந்தமாக ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். இப்போது புதுத் தரைத்தகடு முழுவதும் என் கையால் வெல்ட் செய்தது. குழாயால் அடியில் தண்ணீர் பீய்ச்சிப் பார்த்தேன். ஒரு சொட்டு உள்ளே வரவில்லை.

ஒன்றையும் வெட்டாதே என்கிறாய். வெட்டப் போகிறேன். கேள்.

கிளட்சை மிதிக்க எனக்குக் கால் இல்லை. ஆகவே அந்த வேலையை இன்ஜின் செய்யட்டும். பெரிய வேன்களின் பிரேக்கில், சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் ஒரு இரும்பு டப்பா இருக்குமே, அதில் ஒன்றைப் பழைய சாமான் கிடங்கில் பிடித்தேன். இன்ஜின் காற்றை உறிஞ்சும்போது அதற்குள் இருக்கும் தகடு இழுபடும். அந்த இழுப்பைக் கிளட்சோடு சேர்த்துவிட்டால் கால் தேவையில்லை. எப்போது இழு, எப்போது விடு என்று சொல்லக் கியர் கம்பியிலேயே ஒரு கைப்பிடி. மெதுவாக விட்டால் கிளட்சும் மெதுவாக விடும். இடது கை ஒன்றே கியரையும் மாற்றும், கிளட்சையும் பார்த்துக்கொள்ளும். கைப்பிடி கிடைத்துவிட்டது. கராஜ் மூலையில் சாக்கு போட்டு மூடியிருக்கிற உன் பைக்கிலிருந்து கழற்றினேன். என் கைக்கு அளவெடுத்தது போல இருக்கிறது.

அந்த டப்பாவைத் தாங்க ஒரு பிராக்கெட் வேண்டும். கனமான இரும்பில் செய்ய வேண்டும். என் வெல்டிங் அந்த அளவுக்கு இன்னும் வரவில்லை. உன்னுடையது வரும். வரைபடம் இதோடு வைத்திருக்கிறேன்.

இனி அந்த விஷயம். எழுதாதே என்றாய், ஒரே ஒரு முறை எழுதுகிறேன். நீ இரண்டு கிளாஸ் பீர் குடித்திருந்தாய். கென்னில்வொர்த் ரோடு வளைவில் வேகமாகத் திருப்பினாய். தப்பு உன்னுடையது. இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். மன்னித்துவிட்டேன் என்றும் எழுத மாட்டேன், மன்னிக்க மாட்டேன் என்றும் எழுத மாட்டேன். அதை எதிர்பார்த்துத்தான் என் கடிதங்களைப் பிரிக்காமல் வைத்திருந்தாய் என்றால், பிரித்துப் படி. மூன்றிலும் ஆஸ்பத்திரிச் சாப்பாட்டைப் பற்றித்தான் எழுதியிருந்தேன்.

பிராக்கெட்டைச் சீக்கிரம் அனுப்பு.

பெவ்


ஹாம்பர்க்
12 டிசம்பர் 1982

பெவ்,

மாட்டேன்.

அந்தக் கைப்பிடியைத் தூக்கி எறி. குப்பையில் போடு, கால்வாயில் போடு, எங்கேயாவது போடு. அந்த பைக்கைத் தொட உனக்கு எப்படி மனம் வந்தது? நான் இங்கே பஸ்ஸில்கூட ஏறுவதில்லை. வேலைக்கு நாற்பது நிமிடம் நடக்கிறேன். ஹாஸ்டலில் எல்லாரும் என்னை நடைக்காரன் என்று கூப்பிடுகிறார்கள். காரணம் யாருக்கும் தெரியாது.

நீ செய்யப்போகிற அந்த எழவு இயந்திரம் நடுரோட்டில் பிடிக்காமல் போனால்? அதைத் தாங்குகிற இரும்பு என் கையால் செய்ததாக இருந்தால்? இன்னொரு முறை என்னால் முடியாது.

வரைபடம் நன்றாக வரைந்திருக்கிறாய்.

ட்ரெவர்


கோவென்ட்ரி
16 ஜனவரி 1983

அண்ணன் அவர்களுக்கு,

பிராக்கெட்டை நானே செய்தேன். நேற்று மதியம் இன்ஜினைக் கிளப்பினேன். முதல் திருகலிலேயே கிளம்பியது, சத்தத்தைக் கேட்டிருக்க வேண்டும். கைப்பிடியை அழுத்தி முதல் கியர் போட்டேன். எல்லாம் நான் நினைத்தபடியே. பிறகு மெதுவாக விட ஆரம்பித்தபோது என் வெல்டிங் பிளந்தது. கிளட்ச் ஒரேயடியாக விட்டது. கார் தவளை மாதிரி ஒரு தாவு தாவி, மூடியிருந்த கராஜ் கதவை உடைத்துக்கொண்டு பாதி தெருவில் போய் நின்றது.

கதவு போச்சு. முன்விளக்கு ஒன்று போச்சு. எனக்கு நெற்றியில் மூன்று தையல். ட்ரெவ், எட்டு அடி ஓட்டினேன்!

அம்மா வாசலில் நின்று கத்தினாள். "ஒருத்தன் ஊரை விட்டுப் போனான், நீ உலகத்தை விட்டே போகப் பாக்குறியா?"

"போறதுக்குத்தான் கார் பண்றேன். அவ்வளவு தூரம் இல்ல."

அப்பாவும் வந்தார். ஃபேக்டரியை மூடியதிலிருந்து அவர் கராஜ் பக்கமே வந்ததில்லை, உனக்குத் தெரியும். அந்த வரிசையில் வந்த எந்தக் காரையும் தெருவில் பார்த்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வார். என் நெற்றி ரத்தத்தைப் பார்த்தார், உடைந்த கதவைப் பார்த்தார். பிறகு காரின் கதவைத் திறந்து மூடினார். மறுபடி திறந்து மூடினார்.

"இதை யாரு மாட்டினது?"

"நான்தான்."

"தெரியுது" என்றார். "கீழ்க் கீல் ஒரு நூல் இறங்கியிருக்கு. ஸ்பேனரைக் குடு."

ஆஸ்பத்திரிக்குப் போய்த் தையல் போட்டுக்கொண்டு வந்தபோதும் அவர் கதவோடுதான் இருந்தார். அம்மா அவரையும் திட்டினாள். அவர் காதில் விழவில்லை.

உன்னிடம் இரண்டாம் முறை கேட்க மாட்டேன். அடுத்த பிராக்கெட்டையும் நானே செய்வேன். அதுவும் பிளந்தால் மூன்றாவது. தெருவில் இன்னும் கதவுகள் இருக்கின்றன.

பெவர்லி


ஹாம்பர்க்
20 பிப்ரவரி 1983

பெவ்,

பார்சலில் இருப்பது பிராக்கெட். கப்பல் இரும்பு. மூன்று செய்தேன். இரண்டை ஆற்றில் எறிந்தேன். இதன் மேல் மூன்று ஆட்களை ஏறி நிற்கச் சொல்லிப் பார்த்தேன், வளையவில்லை. உன் வரைபடத்தில் கீழ் ஓட்டை அரை அங்குலம் தள்ளியிருந்தது. திருத்திவிட்டேன்.

புதுக் கைப்பிடி ஒன்றும் வைத்திருக்கிறேன். அதைப் போடு. பழையது வேண்டாம்.

நெற்றி எப்படி இருக்கிறது?

ட்ரெவ்


கோவென்ட்ரி
24 ஏப்ரல் 1983

ட்ரெவ்,

பிராக்கெட் அசையவில்லை. உன்னைவிட உன் வெல்டிங் உறுதியானது.

கீழ் ஓட்டை தள்ளியிருக்கவில்லை. அந்த இடத்தில் சட்டம் வளைகிறது, அதற்காகத்தான் அப்படி வரைந்தேன். நீ திருத்தியதை நான் மறுபடி துளைத்தேன். இனி என் வரைபடத்தைத் திருத்துவதாக இருந்தால் கேட்டுவிட்டுத் திருத்து.

உன் புதுக் கைப்பிடியைத் தனி பார்சலில் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பழையதுதான் இருக்கும். அது தப்பு எதுவும் செய்யவில்லை. அன்றைக்கு அது சரியாகத்தான் வேலை செய்தது.

காரைச் சிவப்பாக்கவில்லை. கறுப்பு. கம்பிச் சக்கரமும் இல்லை, அகலமான சக்கரம் போட்டிருக்கிறேன். உனக்குப் பிடிக்காது. அப்பாவுக்கும் பிடிக்கவில்லை, ஆனால் கதவு ஒரே ஒரு 'டக்'கில் மூடுகிறது, அதனால் அவர் வாயைத் திறப்பதில்லை.

அம்மாவின் சிநேகிதி டோரீன் வந்திருந்தாள். காரைத் தடவிக்கொண்டு, கண் கலங்கி, "இந்த வண்டியும் உன்னை மாதிரிதான், இல்ல கண்ணு?" என்றாள். "இல்ல ஆன்ட்டி, இது ஆயில் ஒழுகுது" என்றேன்.

கடைசியாகக் கெட்ட செய்தி. லைசென்ஸ் பரீட்சையில் தோற்றுவிட்டேன். ஏன் தெரியுமா? பரீட்சை அதிகாரி முதலில் காருக்குக் கீழே குனிந்து பார்த்தார், மேலே பார்த்தார், "இதை யார் அனுமதிச்சாங்க?" என்றார். சோதனைச் சான்றிதழை எடுத்துக் காட்டினேன். முப்பது நிமிடம் கிளட்ச் ஒரு முறைகூட உதறவில்லை. முடிவில் தாளில் என்ன எழுதினார் தெரியுமா? சந்திப்புகளில் 'அளவுக்கு மீறிய தயக்கம்'. தயக்கமாம்! எனக்கு! அம்மாவே சிரித்துவிட்டாள்.

பெவ்


ஹாம்பர்க்
29 மே 1983

பெவ்,

கைப்பிடி வந்து சேர்ந்தது. மேசை மேல் இருக்கிறது.

நார்வேயில் எண்ணெய்க் கிணற்று மேடையில் இரண்டு வருட வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆகஸ்ட் கடைசியில் போக வேண்டும். கையெழுத்துப் போடுவதாக இருக்கிறேன். ஊருக்குத் திரும்புகிற எண்ணம் இல்லை. என் அறையை நீ எடுத்துக்கொள், அதில்தான் வெயில் வரும்.

நீ அந்த விஷயத்தை ஒரு முறை எழுதினாய். நானும் ஒரு முறை எழுதுகிறேன். ஆபரேஷன் முடிந்த மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். வார்டு கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். நீ தூங்கிக்கொண்டிருந்தாய். போர்வை ஒரு பக்கம் தட்டையாக இருந்தது. நான் உள்ளே வரவில்லை. அங்கிருந்து நேராக ஸ்டேஷனுக்குப் போனேன். பை கூட எடுக்கவில்லை. பழியை ஏற்க முடியாமல் ஓடினேன் என்று நினைத்திருப்பாய். அது இல்லை. நீ கண் விழித்து "பரவாயில்லை ட்ரெவ்" என்று சொல்லிவிடுவாயோ என்று பயந்தேன்.

நல்லவேளை, நீ சொல்லவில்லை.

ட்ரெவ்


கோவென்ட்ரி
17 ஜூலை 1983

ட்ரெவ்,

பாஸ்! அதே அதிகாரி. இந்த முறை எந்தச் சந்திப்பிலும் நான் தயங்கவில்லை. ஒரு பால் வண்டி தயங்கியது.

நார்வே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடு, போடாதே, அது உன் இஷ்டம். ஆனால் போவதற்கு முன்னால் ஒரு முறை இந்தக் காரில் நீ உட்கார வேண்டும். ஆகஸ்ட் ஆறாம் தேதி, சனிக்கிழமை, ஹாம்பர்க் கப்பல் மதியம் ஹார்விச்சுக்கு வருகிறது. நான் துறைமுகத்தில் நிற்பேன். நூற்று முப்பது மைல், நான்தான் ஓட்டுவேன். நீ பக்கத்து இருக்கையில். கண்ணை மூடிக்கொள்வதென்றால் மூடிக்கொள்.

"பரவாயில்லை" என்று சொல்ல மாட்டேன். சத்தியம்.

பெவ்


கோவென்ட்ரி
7 ஆகஸ்ட் 1983

ட்ரெவ்,

நீ வரவில்லை.

மதியம் முதல் மூன்று மணி வரை நின்றேன். கடைசி ஆள் இறங்கி, கடைசி லாரி இறங்கி, படிக்கட்டை இழுக்கிற வரை நின்றேன். வினிகர் ஊற்றிய சிப்ஸ் ஒரு பொட்டலம் சாப்பிட்டேன். உனக்கு வாங்கியதையும் சாப்பிட்டேன். துறைமுகக் காவலர் ஒருவர் வந்து, "யாருக்காகம்மா நிக்கிறே? காதலனா?" என்றார். "அதைவிட மோசம், அண்ணன்" என்றேன்.

பிறகு கூரையை மடித்துவிட்டுக் கிளம்பினேன்.

முதல் ஒரு மணி நேரம் உன்னைத் திட்டிக்கொண்டே ஓட்டினேன். வாய்விட்டு. பக்கத்தில் வந்த பஸ்ஸில் இருந்தவர்கள் பார்த்தார்கள். அழவும் செய்தேன், அதையும் எழுதிவிடுகிறேன். கேம்பிரிட்ஜுக்கு முன்னால் ரோடு நீளமாக, நேராக, காலியாக வந்தது. இரண்டு பக்கமும் அறுத்த வயல். மூன்றிலிருந்து நான்காவது கியருக்குப் போட்டேன். இன்ஜின் குரல் மாறியது. காற்று காதில் அறைந்தது. அதற்குப் பிறகு நார்தாம்ப்டன் வந்தபோதுதான் கவனித்தேன்: இரண்டு மணி நேரமாக உன்னை நினைக்கவே இல்லை. உன்னையும் நினைக்கவில்லை, காலையும் நினைக்கவில்லை. ஒரு முறைகூட.

அதை உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது. உன்னை அழைத்து வரத்தான் இத்தனை நாள் அந்தக் காரைச் செய்கிறேன் என்று எனக்குள் ஒரு நினைப்பு இருந்திருக்கிறது. அது எனக்கே தெரியாது. இல்லையாம். அது நான் ஓட்டுவதற்கு.

நார்வேயில் குளிர் அதிகம். கம்பளிச் சட்டை எடுத்துக்கொண்டு போ.

பெவர்லி


ஹாம்பர்க்
7 ஆகஸ்ட் 1983

பெவ்,

நான் கப்பலில்தான் இருந்தேன்.

மேல்தளத்தில், உயிர்காப்புப் படகுக்குப் பின்னால் நின்றேன். பை தோளில் இருந்தது. எல்லாரும் இறங்கினார்கள். நான் இறங்கவில்லை. கப்பல் ஆள் வந்து "இறங்கலையா சார்?" என்றான். அதே கப்பலில் திரும்ப டிக்கெட் கேட்டேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

உன்னைப் பார்த்தேன். கார் மேல் சாய்ந்துகொண்டு சிப்ஸ் சாப்பிட்டாய். தலைமுடியை வெட்டிவிட்டாய். கறுப்பு, நான் நினைத்ததைவிட நன்றாகத்தான் இருக்கிறது. அந்தச் சக்கரங்கள் அசிங்கம். நீ கூரையை மடித்தாய், யாருடைய உதவியும் இல்லாமல். சுற்றி வந்து உட்கார்ந்தாய். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

நீ கிளம்பினாய். முதல் கியர். இரண்டாவது. சத்தம் மேலே வரைக்கும் கேட்டது. ஒரு உதறல் இல்லை. மூன்றாவது போடும்போது துறைமுக வாசலைத் தாண்டிவிட்டாய்.

என் இரும்பு தாங்கியது.

நார்வே ஒப்பந்தத்தை இன்று கிழித்தேன். இருபதாம் தேதி, சனிக்கிழமை, அதே கப்பலில் வருகிறேன். இந்த முறை இறங்குவேன். இன்னொரு முறை வந்து நிற்பாயா?

ட்ரெவ்


கோவென்ட்ரி
13 ஆகஸ்ட் 1983

ட்ரெவ்,

படித்தேன். மூன்று முறை படித்தேன். கோபத்தில் ஒரு முறை கசக்கி, பிறகு நீவிவிட்டுப் படித்தேன்.

இருபதாம் தேதி என்னால் வர முடியாது. அந்தச் சனியும் ஞாயிறும் வேல்ஸ் பக்கம் ஒரு மலைப்பாதைப் பந்தயம் இருக்கிறது. பெயர் கொடுத்துவிட்டேன். ஒற்றைக் காலோடு யாரும் இதுவரை ஓட்டியதில்லை என்று நடத்துகிறவர்கள் தயங்கினார்கள். 'அளவுக்கு மீறிய தயக்கம்' என்று அவர்களுக்குப் பதில் எழுதினேன். எடுத்துக்கொண்டார்கள்.

உனக்காக அதை விட மாட்டேன். ஹார்விச்சிலிருந்து ரயில் இருக்கிறது. ரயிலில் வா. வீட்டில் அம்மா இருப்பாள், அப்பா இருப்பார். அவர்கள் கண்ணைப் பார்க்க வேண்டியது உன் வேலை, அதில் நான் பக்கத்தில் நின்று கையைப் பிடித்துக்கொள்ள மாட்டேன். ஞாயிறு சாயங்காலம் திரும்பிவிடுவேன். அதுவரை இருந்தால் பார்க்கலாம்.

பெவ்


(சமையலறை மேசை மேல், சர்க்கரை டப்பாவுக்கு அடியில்)

ஞாயிறு, நாலரை மணி

பெவ்,

அம்மா பால் வாங்கி வரச் சொன்னாள். மூலைக் கடைக்குப் போயிருக்கிறேன். ஓடிப்போய்விடவில்லை. பை மாடியில் என் அறையில் இருக்கிறது. வேண்டுமானால் போய்ப் பார்த்துக்கொள்.

ட்ரெவ்